கூலிங் கிளாஸ் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

ரோட்டோரக் கடையில் மலிவாக வாங்கும் கருப்புக் கண்ணாடி சில சமயம் வெறுங்கண்ணைவிட மோசம். இருட்டடித்த கண்ணாடிக்குப் பின்னால் கண்ணின் பாப்பா விரிந்துகொள்ளும். அந்தக் கண்ணாடி புற ஊதாக் கதிரை (யுவி) தடுக்காவிட்டால், விரிந்த வழியில் அது கூடுதலாக உள்ளே இறங்கும். கூச்சம் தெரியாததால் நாமும் கண்ணைச் சுருக்காமல் வெயிலிலேயே நிற்போம். பிள்ளைகளுக்குப் பொம்மைக் கண்ணாடி மாட்டிவிடுவது இதனால்தான் ஆபத்து. அவர்களுடைய கண் லென்ஸ் தெளிவானது, கதிரை எளிதில் உள்ளே விட்டுவிடும்.

கடையில் ‘யுவி 400’ என்று கேளுங்கள். அலைநீளம் 400 நானோமீட்டர் வரையுள்ள கதிரைத் தடுக்கும் என்று பொருள். கருமை தனிக் கணக்கு. காதில் மாட்டும் கம்பியின் உட்புறம் 0 முதல் 4 வரை ஓர் எண் இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு 3 சரி. வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம்தான் கண்ணுக்கு வரும். 4 போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது, அவ்வளவு இருட்டு. சாம்பல் நிற லென்ஸ் சிக்னல் நிறங்களை அதிகம் மாற்றாது.

ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம், அதை யாரும் ஒட்டலாம். யுவி மீட்டர் வைத்திருக்கும் கண்ணாடிக் கடையில் ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். வீட்டில் என்றால் 365 நானோமீட்டர் யுவி டார்ச் வேண்டும். இருட்டறையில் ரூபாய் நோட்டின் மேல் டார்ச்சை அடித்து, எண்கள் ஒளிர்வதைப் பாருங்கள். பிறகு டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவே லென்ஸைப் பிடியுங்கள். ஒளிர்வு அணைந்துபோனால் லென்ஸ் தடுக்கிறது; அப்படியே ஒளிர்ந்தால் அந்தக் கண்ணாடி வேண்டாம். மலிவான ஊதா டார்ச்சுகள் பெரும்பாலும் 395. அதன் ஒளியில் ஒரு பகுதி 400-ஐத் தாண்டிவிடுவதால் நல்ல லென்ஸும் தோற்றதுபோல் தெரியும். டார்ச்சை நேராகப் பார்க்காதீர்கள்.

போலரைஸ்டு என்பது வேறு. தண்ணீர், தார்ச்சாலை, காரின் போனட் ஆகியவற்றிலிருந்து அடிக்கும் பளபளப்பை அது வெட்டும். யுவி தடுப்புக்கு அது உத்தரவாதம் இல்லை. கடலுக்குப் போகிறவர்களுக்கு இரண்டும் சேர்ந்ததே நல்லது. போட்டுப் பார்க்கும்போது செல்போன் திரையை மெதுவாகத் திருப்புங்கள், ஏதோ ஒரு கோணத்தில் திரை கருத்தால் போலரைஸ்டு.

பலர் கோட்டைவிடுவது ஃபிரேமில். பக்கவாட்டில் நுழையும் ஒளியைக் கருவிழியின் வளைவு மடக்கி, மூக்கோரமாகக் குவிக்கிறது. மீனவர், உப்பளத் தொழிலாளர் கண்களில் வளரும் சதை பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்தே கிளம்புவதற்கு இதையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். ஆகவே குட்டி வட்டக் கண்ணாடி அழகுக்கு மட்டும்தான். பக்கவாட்டில் நெற்றிப்பொட்டு வரை வளைந்து, புருவத்தோடு ஒட்டி உட்காருவதை எடுங்கள். இமைமுடி லென்ஸில் உரசக் கூடாது. குனிந்தால் நழுவக் கூடாது. கூடவே விளிம்புள்ள தொப்பியும் வேண்டும். மேகமூட்டத்திலும் யுவி இறங்கும், அதனால் வெயில் மங்கியதும் கழற்றிவிடாதீர்கள். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதே பவரில் கூலிங் லென்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

தூசி படிந்த லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் குழாய்த் தண்ணீரில் காட்டி, ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவத்தால் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றுங்கள். காரின் டேஷ்போர்டில் வைத்தால் சூட்டில் ஃபிரேம் வளைந்து, பூச்சு உரியும்.

சூரிய கிரகணத்தை எந்தக் கூலிங் கிளாஸிலும் பார்க்கக் கூடாது; அதற்கான வடிகட்டி தனி.