பழைய கம்ப்யூட்டரில் ஜிடிஏ 5 கேம் ஓடுமா?

திருகோணமலை உவர்மலையில் என்னிடம் பழுதுபார்க்க வரும் பிள்ளைகள் அதிகம் கேட்பது இதைத்தான். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 2015இல் வந்த பதிப்புக்குக் குறைந்தது 4 ஜிபி ராம் (நினைவகம்), 1 ஜிபி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். தனிக் கார்டு இல்லையா? அப்போ கிராபிக்ஸ் உங்கள் ராமையே கடன் வாங்கும். ஒரே ஒரு ராம் பலகை இருந்தால் அதே அளவில் இன்னொன்று போடுங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கேம் செட்டிங்கில் ரெசல்யூஷன் 1280×720, நிழலும் புல்லும் குறைவாக வையுங்கள்.

முதலில் நன்றாக ஓடி, அப்புறம் திக்கினால் பெரும்பாலும் சூடுதான் காரணம். சூடேறினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துவிடும். நம்மூர் வெக்கையில் இது சாதாரணம். விசிறியைக் கழற்றுங்கள், அடியில் தூசி பஞ்சுபோல அடைந்திருக்கும். தூரிகையால் தட்டி எடுத்து, பிராசசர் மேல் காய்ந்துபோன பேஸ்டை (சூட்டைக் கடத்தும் பசை) துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வையுங்கள். கார்டு வாங்குவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.