அட்டைப்படத்து அம்மாவைப் படிப்பது எப்படி?

எங்கள் சேலத்தில் பல வீடுகளில் பழைய மகளிர் இதழ்கள் அலமாரித் தட்டில் விரிப்பாகக் கிடக்கும். அதில் அம்மாவும் குழந்தையும் இருக்கிற அட்டை ஒன்றை எடுங்கள். ஒரு பென்சில், நாலைந்து துண்டுத் தாள், அவ்வளவுதான். நான் எடுத்துக்கொள்வது 2018 மார்ச்சில் மலையாளத்தில் வந்த கிருகலட்சுமி என்ற மகளிர் இதழின் அட்டை.

படி 1: தெரிவதை மட்டும் எழுதுங்கள்

'பாசம்', 'புனிதம்' எல்லாம் இப்போது வேண்டாம். என் பட்டியல் இது: ஒரு பெண், பால் குடிக்கும் குழந்தை, வகிட்டில் குங்குமம், கழுத்தில் தாலி, நேராக நம்மைப் பார்க்கும் கண்கள். கூடவே, உற்றுப் பார்க்காதீர்கள், நாங்கள் பாலூட்ட வேண்டும் என்று அம்மாக்கள் கேரளத்திடம் சொல்லும் ஒரு வரி.

படி 2: ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். துண்டுத் தாளால் தாலியையும் குங்குமத்தையும் மறைத்தேன். குழந்தை அப்படியே பால் குடிக்கிறது. தாய்மை துளியும் குறையவில்லை. என் அத்தையிடம் இரண்டு விதமாகவும் காட்டினேன். மறைக்காமல் காட்டியபோது "யார் வீட்டுப் பொண்ணு?" என்றார். மறைத்துக் காட்டியபோது "குழந்தைக்கு அப்பா யாரு?" என்றார்.

அந்தக் கேள்வி எழாமல் இருக்கத்தான் தாலி அங்கே இருக்கிறது. அட்டையில் இருந்த நடிகை கிலு ஜோசப்புக்கு அப்போது திருமணம் ஆகவில்லை, குழந்தையும் இல்லை. ஆக, குங்குமமும் தாலியும் படத்துக்காக யாரோ யோசித்துச் சேர்த்தவை. தாலியும் குங்குமமும் எதற்கு என்று அப்போதே பலர் கேட்டார்கள். படம் ஆபாசம் என்று கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போன மனு தள்ளுபடியானது. அந்த வழக்கு மார்பைப் பற்றியது. அட்டையைப் படிக்கிற நமக்குத் தாலிதான் முக்கியம்.

படி 3: பார்வையையும் வரியையும் சேர்த்துப் படியுங்கள்

அம்மா குழந்தையைப் பார்த்தால் அவளுக்கு வேறு உலகமில்லை என்று படம் சொல்கிறது. நம்மைப் பார்த்தால்? அதை அட்டையில் இருக்கும் வரிதான் முடிவு செய்யும். 2012 மே மாத டைம் இதழ் அட்டையிலும் அம்மா நம்மையே பார்க்கிறார். இடுப்பில் ஒரு கை. மூன்று வயதுப் பையன் நாற்காலிமேல் நின்று பால் குடிக்கிறான். 'நீங்கள் அம்மா என்று சொல்லிக்கொள்ளப் போதுமானவரா?' என்கிற பொருளில் தலைப்பு. அந்த வரியை மறைத்தால் ஒரு தாயும் மகனும். திறந்தால் எல்லா அம்மாக்களுக்கும் பரீட்சை.

படி 4: யார் இல்லை?

உங்களுக்குத் தெரிந்த அம்மாக்களைப் பட்டியல் போடுங்கள். என் பட்டியலில் ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறவர், சிவதாபுரத்தில் வீட்டிலேயே வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறவர், அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறவர், புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவர். என்னிடம் இருந்த பழைய இதழ்களில் இவர்கள் ஒருவரையும் அட்டையில் பார்க்கவில்லை. வெயிலில் கறுத்த முகம்கூட இல்லை. எனக்கு மனசு கனத்தது இங்கேதான்.

படி 5: ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

'இந்த அட்டை தாய்மையைப் போற்றுகிறது' என்று எழுதினால் போதாது. அது எந்த அட்டைக்கும் பொருந்தும். நான் எழுதியது: 'பொது இடத்தில் பாலூட்டும் உரிமையைக் கேட்கும் இந்த அட்டை, அதைத் தாலி கட்டிய அம்மாவின் பெயரில்தான் கேட்கிறது.'

எதை மூடியபோது இது தெரிந்தது என்று அந்த வாக்கியத்துக்குக் கீழே குறித்து வையுங்கள். யாராவது மறுத்தால் தாளை அவர் கையிலேயே கொடுத்து, அதே இடத்தை மூடிப் பார்க்கச் சொல்லலாம்.