தொப்பையை அளக்க தையல் டேப் போதும்

உடம்பில் கொழுப்பு ஏறுகிறதா என்று பார்க்க தையல் டேப் ஒன்று போதும். காலையில் வெறும் வயிற்றில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் அளவெடுங்கள். வயிற்றை எக்கினால் ஏமாறுவது நாம்தான்! பேன்ட் சைஸ் கணக்கில் வராது. அது தொப்பைக்குக் கீழே நிற்கிறது.

இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது இன்னும் சுலபமான கணக்கு.

கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை மெஷின், பாதம் வழியாக மெல்லிய மின்சாரம் செலுத்திக் கணக்கிடுகிறது. உடம்பில் நீர் கூடினாலும் குறைந்தாலும் எண் மாறும். வாங்கிவிட்டீர்களா, சரி, தினமும் ஒரே நேரத்தில் ஏறி நின்று, எண் கூடுகிறதா குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.