ப்ராசசரை மாற்றிய பின் டிஸ்ப்ளே வரவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி, போர்வையில் சுற்றிய கணினியை மடியில் வைத்துக்கொண்டு, நண்பரின் பைக்கில் பாம்பன் பாலத்தைக் கடந்து மண்டபத்திலுள்ள என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே மட்டும் வரல" என்றார். பழைய ப்ராசசர் எங்கே என்று கேட்டேன். விற்றுவிட்டாராம். 2022இல் நானும் அப்படித்தான் விற்றிருந்தேன். ப்ராசசருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் இடையில் பேஸ்ட் தடவ மறப்பது, மின்கம்பியைச் செருக மறப்பது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பயாஸைப் புதுப்பிக்காமல் பழைய ப்ராசசரைக் கழற்றுவது

என்னிடம் இருந்தவை பி450 மதர்போர்டும் ஏஎம்டியின் ரைசன் 3 2200ஜி ப்ராசசரும். ரைசன் 5 5600 வந்தபோது, இரண்டுக்கும் ஏஎம்4 சாக்கெட்தானே என்ற துணிச்சலில் அதை வாங்கினேன். சாக்கெட் பொருந்தினால் ப்ராசசர் உள்ளே உட்காரும், அவ்வளவுதான். அதை எழுப்பத் தேவையான குறிப்புகள் போர்டின் பயாஸில் (கணினியை முதலில் எழுப்பும், போர்டிலேயே பதிந்த மென்பொருளில்) இல்லையென்றால், ப்ராசசர் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் திரையில் ஓர் எழுத்தும் வராது. பி450 வெளிவந்தது 2018இல்; 5600 வெளிவந்தது 2022 ஏப்ரலில். என் பயாஸோ வாங்கிய நாளிலிருந்து தொடப்படாதது.

ராமநாதபுரத்தில் ஒரு கடையில் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) போதவில்லை என்றார்கள். 3,000 ரூபாய் கொடுத்து மாற்றினேன். பிறகு ராம் என்றார்கள், கடைசியில் போர்டே போய்விட்டது என்றார்கள். பழையதும் புதியதும் 65 வாட் ப்ராசசர்கள்தாம் என்பதை நான் ஒரு நிமிடம் சரிபார்த்திருந்தால் அந்த 3,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். இன்றும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. இறுதியில் மதுரைக்குப் பேருந்தில் போய், நண்பர் ஒருவரிடம் பழைய ப்ராசசரை இரவல் வாங்கி வந்து மாட்டிய பின், பயாஸைப் புதுப்பிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆகவே பழைய ப்ராசசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே போர்டின் மாடலையும், போர்டில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் புதிய ப்ராசசருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பாருங்கள். உங்களிடம் இருக்கும் பதிப்பை விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கம் காட்டும். சில போர்டுகளில் ப்ராசசர் இல்லாமலேயே பென்டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் பொத்தான் உண்டு. என் போர்டில் அது இல்லை.

மின்சாரத்தை நம்புவது

புதுப்பிக்கும்போது பாதியில் மின்சாரம் போனால் போர்டே எழாமல் போகலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் யூபிஎஸ் இல்லாமல் பயாஸைத் தொடாதீர்கள்.

ஜி என்ற எழுத்தைக் கவனிக்காதது

புதுப்பித்த பிறகும் எனக்கு டிஸ்ப்ளே வரவில்லை. 2200ஜிக்குள் கிராபிக்ஸ் இருந்தது, 5600க்குள் இல்லை. தனியாக கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் 5600ஜி வாங்கியிருக்க வேண்டும்.

1151 என்ற எண்ணை நம்புவது

இன்டெலின் 6, 7ஆம் தலைமுறைகளுக்கான எச்110, பி250 போர்டுகளின் சாக்கெட்டும் 1151தான், 8, 9ஆம் தலைமுறைகளின் சாக்கெட்டும் 1151தான்; ஆனால் ஒன்றின் ப்ராசசர் மற்றொன்றில் ஓடாது.

கூலரை வெடுக்கென்று இழுப்பது

ஏஎம்4 ப்ராசசரின் அடியில் 1331 கால்கள் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் ப்ராசசரைக் கூலரோடு சேர்த்துப் பிடுங்கிவிடும்; கால்கள் வளைந்துவிடலாம். கணினியைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்த பின், கூலரை இடமும் வலமும் திருகி எடுங்கள்.

பிட்லாக்கர் சாவியை எழுதி வைக்காதது

பிட்லாக்கர் என்பது விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டு. ப்ராசசர் மாறினால் விண்டோஸ் அதன் சாவியைக் கேட்கக்கூடும்.

எல்லாவற்றுக்கும் உப்புக்காற்றைக் குறை சொல்வது

நம் கடற்கரையில் செம்பில் பச்சை பூப்பது உண்மைதான். ராமைக் கழற்றித் துடைத்து மாட்டுவதால் நட்டமும் இல்லை. ஆனால் நேற்று வரை ஓடிய போர்டை உப்பு ஒரே இரவில் தின்றுவிடாது. தம்பிக்கும் உப்பு என்றுதான் சொல்லியிருந்தார்கள். மதுரைப் பயணத்துக்குப் பிறகு நான் வாங்கி வைத்திருந்த பழைய 2200ஜியை அவருடைய போர்டில் மாட்டியதும் டிஸ்ப்ளே வந்தது. பயாஸைப் புதுப்பித்து, புதிய ப்ராசசரை மாட்டி அவர் கிளம்பும்போது இரவு மணி ஒன்பது. 2200ஜி மறுபடியும் என் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது.