வயல் காயும்போது சிங்கப்பூரிலிருந்து செய்யக்கூடாதவை

புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் நிலத்தை அண்ணன் தம்பி கையில் விட்டுவிட்டு, இங்கிருந்து பணம் அனுப்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். பயிர் வாடுகிறது என்று வாட்ஸ்அப்பில் படம் வந்ததும் பதறிப் பணம் போடுவதுதான் முதல் தவறு. உச்சிவெயிலில் மண்ணில் ஓரளவு ஈரம் இருந்தாலும் மக்காச்சோளம் இலையைச் சுருட்டிக்கொள்ளும். விடிகாலையிலும் சுருள் விரியவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். ஊரில் காலை ஆறரைக்கு எடுக்கும் படம் நமக்கு ஒன்பது மணிக்கு வந்துவிடும். அந்தப் படத்தைக் கேளுங்கள்.

கிணற்றில் கிடக்கும் கொஞ்ச நீரை எல்லா நாளுக்கும் சமமாகப் பங்கிடுவது அதைவிடப் பெரிய தவறு. என்னைக் கேட்டால், மகசூல் போவது பெரும்பாலும் இங்கேதான். தூர்கட்டும் பருவத்தில், அதாவது நாற்று பக்கக் கிளை விட்டுப் பெருகும்போது, சில நாள் காய்ந்த நெல் பிறகு தேறிவிடும். பூக்கும் வாரத்தில் காய்ந்தால் மகரந்தம் மலடாகி, கதிர் பதராகிவிடும். அப்புறம் எவ்வளவு பாய்ச்சினாலும் அந்த மணி பால் பிடிக்காது. நெல் பூத்ததிலிருந்து அறுவடைக்குச் சுமார் முப்பது நாள். ஆகவே விதைத்த தேதியும் ரகத்தின் வயதும் தெரிந்தால், எந்த வாரத்துக்கு நீரைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பதை இங்கிருந்தே கணக்கிடலாம்.

மற்ற நாட்களுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் போதும். துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டலாம். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்புவரை காயவிடவே கூடாது. களிமண் நிலத்தைப் பாளம்பாளமாக வெடிக்கவும் விடாதீர்கள். பாய்ச்சும் நீரெல்லாம் வெடிப்பு வழியே அடியில் இறங்கிவிடும்.

அடுத்தது ஹைட்ரோஜெல், அதாவது நீரை உறிஞ்சிப் பிடித்துவைக்கும் குறுணை. புளோக் தாழ்வாரத்துத் தொட்டிச் செடிக்கு உதவியதே என்று, நிற்கும் பயிரின் மேல் அதைத் தூவச் சொல்வது வீண்செலவு. பூசா ஹைட்ரோஜெல்லை விதைக்கும்போதே, ஹெக்டேருக்கு 2.5 முதல் 5 கிலோ வரை, காய்ந்த மண்ணோடு கலந்து விதை வரிசையில் இடவேண்டும். அது கிடைத்த ஈரத்தைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். உப்புத்தண்ணீர் பாயும் இடத்தில் நீரை உறிஞ்சிச் சரியாக ஊதிப் பெருகாது. சேற்று நெல்லுக்குத் தேவையே இல்லை.

மட்காத தென்னை நார்க்கழிவையும் வயலில் கொட்டக்கூடாது. அதை மட்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்வதால் பயிர் மஞ்சளாகும். உடனே யூரியா போடுவார்கள், அதுவும் காய்ந்த மண்ணில்! நன்றாக மட்கியதை மட்டும் கடைசி உழவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

வறட்சி நேரத்தில் உரத்தை இலைவழியாகக் கொடுப்பதே நல்லது. 2 சதவீத டிஏபியும் (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) 1 சதவீதப் பொட்டாஷும், அதாவது பத்து லிட்டர் நீருக்கு 200 கிராமும் 100 கிராமும். டிஏபியை முந்தைய இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்துப் பொட்டாஷைக் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கவேண்டும்.