மலிவு விலைச் சமையற்கத்தியின் பெயரை எடைபோடும் முறை

சமையற்கத்தி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி நல்லது என்பதைத்தான். அதற்கு ஒரே பெயரைப் பற்றி நேரெதிரான இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒருவர் பத்தாண்டுகளாக அதையே வைத்திருப்பதாகச் சொல்வார். மற்றவர் இரண்டே மாதத்தில் மழுங்கிவிட்டது என்பார். பெரும்பாலும் இரண்டுமே உண்மைதான். முன்னவர் வீட்டில் சாணைக்கல் இருக்கும், பின்னவர் வீட்டில் இருக்காது.

ஆகவே ஒரு கருத்தை ஏற்பதற்கு முன், அதைச் சொன்னவர் எத்தனை காலம் பயன்படுத்தினார், எதன்மேல் வைத்து நறுக்கினார், ஒருமுறையாவது தீட்டினாரா என்று பாருங்கள். கண்ணாடிப் பலகையிலோ கிரானைட் மேடையிலோ நறுக்கினால் எந்தக் கத்தியும் விரைவில் கூரிழக்கும். வாங்கிய அன்றே எழுதப்படும் புகழுரை, ஆலையில் தீட்டிய கூர்மையைப் பற்றியதே தவிர எஃகைப் பற்றியதன்று.

அடுத்து, பெயர் ஒன்றாக இருந்தாலும் தயாரிப்பு வரிசை ஒன்றா என்று பாருங்கள். 1731 முதல் ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் இயங்கும் ஸ்விலிங் நிறுவனம், தன் மேல்நிலைக் கத்திகளில் இரட்டையர் உருவத்தையும், விலை குறைந்த ஹெங்கெல்ஸ் வரிசையில் ஒற்றை மனித உருவத்தையும் பொறிக்கிறது. பின்னது பல நாடுகளில் தயாராகிறது. முன்னதன் புகழைப் பின்னதன்மேல் ஏற்றிப் பேசுவோர் ஏராளம். 'சோலிங்கன்' என்ற பெயருக்கு ஜெர்மனியில் 1938 முதலே சட்டப் பாதுகாப்பு உண்டு. முக்கியமான தயாரிப்பு வேலைகள் அந்தப் பகுதியிலேயே நடந்திருந்தால்தான் அப்பெயரை இடலாம். 'ஜெர்மன் ஸ்டீல்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதற்கு அத்தகைய பொருள் எதுவும் இல்லை.

எஃகின் வகை எண் குறிக்கப்பட்டிருந்தால் அதைப் பெயரைவிட நம்பலாம். 1.4116 என்ற எஃகில் ஏறத்தாழ 0.5 சதவீதம் கார்பனும் 15 சதவீதம் குரோமியமும் உள்ளன. துருவை நன்கு தாங்கும், வீட்டிலேயே எளிதாகத் தீட்டலாம். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ், தகட்டிலிருந்து வெட்டியெடுத்துச் செய்யும் ஃபைப்ராக்ஸ் கத்திகளுக்கு இதையொத்த துருப்பிடிக்காத எஃகையே பயன்படுத்துகிறது. அடித்துச் செய்த கத்திதான் உயர்ந்தது என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது. உணவகச் சமையற்காரர்கள் இந்த மெல்லிய கத்திகளை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். வெறுமனே 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று மட்டும் போட்டு, பல அடுக்கு எஃகால் செய்ததுபோல் அலகில் அலைவடிவம் காட்டி விலையேற்றிய கத்தியை நான் வாங்கமாட்டேன். அந்த அலைகள் லேசரால் மேலோட்டமாகப் பொறிக்கப்பட்டவையாக இருக்கலாம்.

தாய்லாந்தின் கிவி கத்தி, கருத்துகள் எப்படிப் பிளவுபடும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அலகு மிக மெல்லியது, எஃகு மென்மையானது. ஆகவே வெங்காயத்தையும் தக்காளியையும் அருமையாக நறுக்கும்; விரைவில் மழுங்கும்; தீட்டினால் உடனே கூரேறும். எலும்பை வெட்டிப் பார்த்துவிட்டுக் குறை சொல்பவர் குறை சொல்லவேண்டியது கத்தியை அன்று. பிரான்சின் ஒபினெல் கத்தி துருப்பிடிக்கிறது என்ற புகாரும் இவ்வகையே: அந்நிறுவனம் கார்பன் எஃகிலும் துருப்பிடிக்காத எஃகிலும் அலகு செய்கிறது. கார்பன் அலகு புளியோ எலுமிச்சையோ பட்டால் கறுக்கும். ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். உடனே துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவத் தயாராக இருப்பவருக்கே அது ஏற்றது.

வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை 1000 எண் (கல்லின் நுண்மையைக் குறிக்கும் எண்) சாணைக்கல்லுக்கு ஒதுக்குங்கள். கல்லை நனைத்து, பக்கத்துக்கு 15 முதல் 20 பாகைச் சாய்வில், சாய்வு மாறாமல் இருபுறமும் தீட்டவேண்டும். அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையின் அடியிலுள்ள மெருகேறாத வளையமும் உதவும். தெருவில் வரும் சாணைக்காரரின் சக்கரம் அரிவாள்மனைக்குப் பொருத்தமானது. மெல்லிய கத்தியோ அதன் சூட்டில் பதம் இழந்துவிடக்கூடும்.

தீட்டியபின் பழுத்த தக்காளியின் தோல்மேல் அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். தோல் நசுங்காமல் பிளந்தால் கூர் சரியாக இருக்கிறது. இப்படித் தீட்டிய கத்தி, மரப்பலகையில் மட்டும் பயன்படுத்தியும் ஓரிரு நாளிலேயே வழுக்குமானால், அந்தக் கத்தியைப் பற்றிய புகாரை நீங்கள் தாராளமாக எழுதலாம்.