கடற்காற்றில் துருப்பிடித்த ஜன்னல்கள்: என் அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மியர்பேங்க் பக்கம் எங்கள் வீடு, 1960களின் தொடக்கத்தில் கட்டியது. ஜன்னல்கள் எல்லாமே இரும்புச் சட்டம்; கண்ணாடியைப் பிடித்து நிற்பது புட்டி. உப்புக்காற்றில் துரு ஏற ஏற இரும்பு பருத்துக் கண்ணாடியை நெருக்கும், மூலையில் விரிசல் விடும். கண்ணாடியை மட்டும் மாற்றினால் அதுவும் உடையும்.

ஆனால் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டியதில்லை. செலவு குறைவது இங்கேதான். சட்டத்தின் அடிப்பகுதியை ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். செதில் உதிர்ந்து உள்ளே கெட்டியாக இருந்தால் சுரண்டி, துருத்தடுப்பு ப்ரைமர் அடித்து, புதுப் புட்டி வைத்தால் போதும். நுனி உள்ளே இறங்கினால் மாற்றத்தான் வேண்டும். எங்களுக்குக் கடலைப் பார்த்த அறையும் குளியலறையும்தான் அப்படி.

அவற்றுக்கு பவுடர் கோட்டிங் செய்த அலுமினியம் வாங்கினோம். மரம் அழகுதான், ஆனால் இந்த ஈரத்தில் அடிக்கடி வார்னிஷ் கேட்கும். கடையில் தயாராக இருக்கும் அளவு, சொல்லிச் செய்வதைவிட மலிவு. பழைய சுவர் நேராக இருக்காது. அகலம், உயரம் இரண்டையும் மூன்று இடத்தில் அளந்து சிறியதை எடுங்கள். திருகாணி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இடுக்கை அடைக்கும் சிலிக்கோன் பசை பூசும்போது கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடக் கூடாது.

அப்புறம், 60 வருடம் தாண்டிய கட்டடத்தை மாற்ற 1999 தேசிய மரபுவளச் சட்டப்படி மாகாண அனுமதி வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.